ஒன்பது வீட்டுச் சுயராஜ்யம்

திட்டாத மனிதரோடு ஒரே வாசலில் குடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஸ்டோர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். திட்டுகிறவராக இருந்தால் திருப்பித் திட்டலாம், முறைத்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருக்கலாம், வீட்டுச் சொந்தக்காரரிடம் போய்க் கோள் சொல்லலாம். அவர் பதினோரு வருஷம் எங்கள் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதை நாங்கள் நன்றாகச் சௌகரியமாகப் பயன்படுத்திக்கொண்டோம்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய மகள் எங்கேயாவது இருப்பாள். அவளுக்கு நான் செய்தது போதும்.

ஒரே தெருவாசலுக்குள் எதிரும் புதிருமாக வரிசையாக வாடகை வீடுகள் இருந்தால் திருச்சியில் அதற்கு ஸ்டோர் என்று பெயர். தென்னூரில் எங்கள் ஸ்டோரில் ஒன்பது வீடுகள். நடு முற்றத்தில் ஒரு கிணறு, கொல்லையில் இரண்டு கக்கூஸ். ஐம்பதுகளின் ஆரம்பத்தில் நான் கல்யாணமான புதிதில் அங்கே குடிபோனேன். பெரிய கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை. அவர் எனக்கு அடுத்த வீடு. ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், ஆனால் முதல் நாளே என்னை ‘வாங்க’ என்றுதான் அழைத்தார். ஐந்து வயதுக் குழந்தையையும் அவர் ‘வாங்க’ என்றுதான் அழைப்பார். குழந்தைகள் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கும், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று.

அவர் ஜெயிலுக்குப் போனவர் இல்லை. கதர் கட்டுகிறவரும் இல்லை. ரயில்வேயில் கொடுத்த கறுப்புக் கோட்டை வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிவார். எந்தக் கட்சிக் கூட்டத்திலும் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் சுயராஜ்யம் என்ற வார்த்தையை, ஊரெல்லாம் அதை மறந்துபோய்க் கொஞ்ச காலமான பிறகும், அவர் அரிசி பருப்பு மாதிரி அன்றாடம் புழங்கிக்கொண்டிருந்தார். ஒரு சுதந்திர தினத்தன்று முற்றத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், மூன்றாம் வீட்டு வக்கீல் குமாஸ்தா அவரைச் சீண்டினார்.

“அதான் வந்தாச்சே சார் சுயராஜ்யம். இன்னும் என்ன அதையே சொல்லிக்கிட்டு?”

“வெள்ளைக்காரன் போயிட்டான், சரிங்க. அவன் உக்காந்திருந்த நாற்காலியில நம்மாளு ஒருத்தர் உக்காந்திருக்காரு. என்னை மேய்க்க யாரும் வேணாம்னு நான் இருக்கிற அன்னைக்குத்தான் எனக்குச் சுயராஜ்யம்.”

“அப்ப போலீஸ் ஸ்டேஷனையெல்லாம் மூடிடலாம்ங்கிறீங்க.”

“அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம ஸ்டோர்லேருந்து ஆரம்பிச்சுப் பார்ப்போமே. ஒன்பது வீடுதானே.”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அவர் சொன்னது சிரிப்புக்காக இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

அவருடைய பைத்தியக்காரத்தனங்கள் — அப்படித்தான் நாங்கள் சொல்லுவோம் — ஒன்றா இரண்டா. ஒரு நாள் சாயங்காலம் மெயின்கார்டு கேட்டில் நான் பஸ்ஸுக்காக நின்றேன். பஸ் வந்ததும் வழக்கம்போல் எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். அவர் மட்டும் கம்பத்துக்குப் பின்னால், தனியாக, நேராக நின்றுகொண்டிருந்தார். இரண்டு பஸ் போய்விட்டது. நான் பக்கத்தில் போய், “என்ன சார், ஏறலையா?” என்றேன். “வரிசையில நிக்கிறேங்க” என்றார். வரிசை என்று அங்கே எதுவும் இல்லை. அவர் ஒருவர்தான் வரிசை. “ஒருத்தர் நின்னா ரெண்டாவது ஆள் வருவாருங்க” என்றார். நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் முண்டியடித்து ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

கோபம் வராத மனிதரா என்றால் அதுவும் இல்லை. வரும், பொல்லாத கோபம் வரும். வந்தால் வாயைத் திறக்காமல் கிணற்றடிக்குப் போவார். கயிற்றைப் பிடித்து மளமளவென்று இறைக்க ஆரம்பிப்பார். யார் குடம், யார் அண்டா என்று பார்க்க மாட்டார். காலியாக இருப்பதையெல்லாம் நிரப்புவார். இருபது முப்பது வாளி இறைத்ததும் முகம் சாதாரணமாகிவிடும், வீட்டுக்குள் போய்விடுவார். அவர் ராட்டினத்தில் கை வைத்தார் என்றால் ஸ்டோர்ப் பெண்கள் உள்ளே ஓடி இருக்கிற பாத்திரத்தையெல்லாம் கொண்டுவந்து அடுக்குவார்கள். என் மனைவி கூட, “இன்னைக்கு யாராவது அவருக்குக் கோபம் மூட்டினா தேவலை, அண்டா காலியா இருக்கு” என்று சொல்லியிருக்கிறாள். அதையும் நான் ரசித்துச் சிரித்திருக்கிறேன்.

கக்கூஸ் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் கக்கூஸ் என்றால் கீழே வாளி இருக்கும். பின்பக்கத்துச் சந்திலிருந்து தகரக் கதவைத் திறந்து அந்த வாளியை ஒருத்தி எடுத்துப் போவாள். அவள் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை, பெயரையும் கேட்டதில்லை. ஒரு தடவை நகரத்தில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலாம் நாள் எங்களால் கொல்லைப் பக்கம் போக முடியவில்லை. ஐந்தாம் நாள் விடிகாலையில் அவர் கொல்லையில் ஆழமாக ஒரு குழி வெட்டி, இரண்டு வாளியையும் தூக்கிப்போய்க் கொட்டி, சாம்பலும் மண்ணும் போட்டு மூடி, கழுவிவிட்டு, குளித்து, எட்டு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். நாங்கள் எந்தச் சாதி என்று சொல்ல வேண்டியதில்லை. அதைக் கையால் தொடாத சாதிகள், ஒன்பது வீடும்.

வேலைநிறுத்தம் முடிந்தபிறகுதான் அவர் முற்றத்தில் எங்களைக் கூட்டினார். “நம்ம அசிங்கத்தை இன்னொருத்தர் தலையில தூக்கி வச்சுட்டுச் சுதந்திரம்னு கொடியேத்துறோம். இது சரியா இருக்குங்களா? ஒன்பது வீடு இருக்கு. ஆளுக்கு ஒரு நாள் முறை. நம்மளே செஞ்சுக்குவோம்” என்றார். ஓட்டெடுப்பு கிடையாது, ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் விட்டுவிடலாம் என்றும் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பார்த்து, “உங்களுக்கு மனசாரச் சரிங்களா?” என்று மூன்று தடவை கேட்டார்.

ஒரே ஒருவர் ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால் போதும், எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் முடியாதுதான். ஆனால் அந்த ஒருவர் தானாக இருக்க யாருக்கும் விருப்பமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவார் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தோம். மூன்று தடவையும் மற்ற எட்டு வீடும் “சரிங்க” என்றது. அவர் முகம் மலர்ந்துபோய்விட்டது. இந்த மனிதர்களை நான் தப்பாக நினைத்துவிட்டேனே என்பது மாதிரி எங்களைப் பார்த்தார்.

பார்சல் பெட்டிப் பலகையில் ஒரு சாண் துண்டு நறுக்கி, ஆணி அடித்து, கயிறு கட்டினார். அதில் ஒன்றும் எழுதவில்லை. அது யார் வீட்டு வாசலில் தொங்குகிறதோ அன்றைக்கு அவர்கள் முறை. முறையை முடித்ததும் கழற்றி அடுத்த வீட்டு வாசலில் மாட்டிவிட வேண்டும். முதல் சுற்று ஒழுங்காக நடந்தது. நானும் மூக்கைக் கட்டிக்கொண்டு செய்தேன். அன்று முழுதும் சாப்பிடவில்லை, ஆனால் ராத்திரி படுக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இரண்டாம் சுற்றில் வக்கீல் குமாஸ்தா வேலையைச் செய்யாமலே பலகையை அடுத்த வாசலில் மாட்டினார். அடுத்தவர் அதைப் பார்த்தார், அவரும் மாட்டினார். பலகை வீடு வீடாக நகர்ந்து கடைசியில் பார்சல் குமாஸ்தாவின் வாசலுக்கு வந்து நிற்கும். அவர் விடிகாலையில் எழுந்து பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார். வேலையை முடித்துவிட்டுப் பலகையைக் கொண்டுவந்து, அன்றைக்குத் தவறவிட்டவர் வாசலில் அல்ல, மறுநாள் யார் முறையோ சரியாக அந்த வாசலில் மாட்டுவார். போன நாளைப் பற்றி அவர் பேசினதே இல்லை. மறுநாள் விடியுமுன் அது திரும்பவும் அவர் வாசலில் இருக்கும்.

மில்லில் மேஸ்திரியாக இருந்த ஒருவர் எங்கள் ஸ்டோரில் இருந்தார். அவருக்கே பொறுக்கவில்லை. “செய்யாத வீட்டுக்கு அபராதம் போடுங்க சார், தன்னால வருவானுங்க” என்றார்.

“அபராதத்துக்குப் பயந்து செஞ்சா, அது முன்னாடி இருந்த மாதிரிதானேங்க? வெள்ளைக்காரனுக்குப் பதிலா நான். அவங்களா வரணுங்க.”

“எப்ப வருவாங்க?”

“வருவாங்க. நேரமாகும்.”

வருஷக்கணக்கில் நேரம் ஆயிற்று. இதில் இன்னொன்றும் உண்டு. முறை ஆரம்பித்த ஓரிரு மாசத்திலேயே, சந்துப் பக்கம் வந்துகொண்டிருந்த அந்தப் பெண் ஒரு நாள் காலையில் வந்து, அவர் வாளி கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி தகரக் கதவருகில் நின்றாள். நான் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் அவளிடம் பெயர் கேட்டார். மாரியாயி என்றாள்.

“நான் என்னங்க தப்பு செஞ்சேன்? ஒன்பது வீட்டுச் சோறு போச்சுங்க” என்றாள்.

“நீங்க ஒரு தப்பும் செய்யலம்மா. எங்க அசிங்கத்தை நீங்க தூக்கக் கூடாது. அதுக்காகத்தான்.”

“நீங்க தூக்கிட்டா எனக்கு வேற வேலை யாரு குடுப்பா? நீங்க இதைத் தூக்கிட்டுக் குளிச்சா போயிருதுங்க. மறுபடி ஐயாதான். எங்க ஆத்தா, அவங்க ஆத்தா, எல்லாம் குளிச்சுக்கிட்டுத்தாங்க இருந்தாங்க. போகலையே.”

அவர் கையில் வாளியோடு நின்றார். அவள் சத்தம் போடவும் இல்லை, அழவும் இல்லை. தகரக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அவர் எங்களைக் கூட்டினார். தன்னுடைய ஆபீசில் மாரியாயிக்குப் பெருக்குகிற வேலை கேட்டிருப்பதாகவும், அது கிடைக்கிறவரை ஸ்டோரில் கிணற்றடி வேலையை அவளுக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். பெண்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் உதவிதானே என்றார். “நம்ம கிணத்துல அவங்க கை வைக்கலாம்ங்களா? மனசாரச் சொல்லுங்க.”

அந்தத் தடவை யாரும் பக்கத்து வீட்டுக்காரருக்காகக் காத்திருக்கவில்லை. வக்கீல் குமாஸ்தா எழுந்து, “எனக்கு ஆட்சேபம் இருக்கு சார். ஒருத்தருக்கு ஒப்பலைன்னாலும் விட்டுடணும்னு நீங்கதான் சொன்னீங்க” என்றார். நல்லவேளை, நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று இருந்தது எனக்கு. அவர் தலையை ஆட்டினார். “ஆமாங்க. நான்தான் சொன்னேன்” என்று உட்கார்ந்துவிட்டார். ஆபீஸ் வேலையும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டார். தெருக்கோடிக் குழாயில் அவர் இரண்டு வாளி, அவர் மனைவி ஒரு குடம், மகள் — சரோஜா என்று வைத்துக்கொள்ளுங்கள் — ஒரு குடம் என்று தூக்கிவந்தார்கள். எங்கள் அண்டாக்கள் தாமாக நிரம்புவதும் நின்றது. அவர் கோபம் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவர் மனைவி அதிகம் பேசாதவர். இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் என் மனைவியிடம் வெந்நீர்ப் பை கேட்டு வந்தார். “நீங்களாவது சொல்லக் கூடாதாக்கா, நம்ம கிணத்துலயே எடுத்துக்கலாம்னு” என்றாள் என் மனைவி. “அவரு என்னை எடுக்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா. அவரு குழாய்க்குப் போறாரு. நான் மட்டும் கிணத்துல எப்படி எடுக்கிறது?” என்றார் அந்த அம்மாள். வெந்நீர்ப் பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, “அவரு அவரை ஆண்டுக்கிறாரு. எங்களை யாரு கேட்டா?” என்றார். கசப்பாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

சரோஜாவுக்கு இருபத்திரண்டு வயதானபோது ஸ்ரீரங்கத்தில் ஒரு வரன் அமைந்தது. பையனுக்குப் பாங்கில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்துவிட்டது. அந்தப் பெண் பதினோரு வருஷத்தில் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. தாம்பூலம் மாற்ற நாள் பார்ப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம்தானே, அதற்காக மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் பளிச்சென்று நாமம். என் மனைவி நல்ல டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“தப்பா நினைக்காதீங்க. கல்யாண விஷயம், நாலு பேரைக் கேட்டாத்தான் நல்லது.”

“கேளுங்க, கேளுங்க.”

“பொண்ணு தங்கமா இருக்கு. ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு. பொண்ணோட அப்பா காலையில கக்கூஸ் வாளி தூக்குறாராமே. நெசங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

“இந்த ஸ்டோர்ல எல்லாருமே அப்படித்தானா?”

அன்றைக்கு என் முறை. விடிகாலை ஐந்து மணிக்கு என் வாசலிலிருந்து பலகையைக் கழற்றி அவர் வாசலில் நானே மாட்டிவிட்டு வந்து மறுபடி படுத்திருந்தேன். கொல்லையில் அவர் வாளி கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

“சேச்சே, நாங்கள்லாம் இல்லீங்க. அவரு மட்டுந்தான்” என்றேன்.

“ஒருத்தர் மட்டும் ஏங்க செய்யணும்? யாராச்சும் செய்யச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலைங்க. அவரா செய்வாரு.”

அவர் விரலை நெற்றிப்பொட்டில் வைத்து, குரலைத் தாழ்த்தி, “இங்க ஏதாச்சும்...?” என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நாங்கள் செய்வதாக ஒப்புக்கொண்டு செய்யாமல் விட்டதை அவர் செய்கிறார், அவ்வளவுதான். ஆனால் நாமமும் அங்கவஸ்திரமுமாக எதிரே உட்கார்ந்து என் வீட்டுக் காப்பியைக் குடிக்கிற மனிதரிடம், நானும் ஒரு நாள் அந்த வாளியைத் தூக்கினேன், இன்றைக்கும் தூக்க வேண்டியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

“நல்ல மனுஷருங்க. கொஞ்சம் ஒரு மாதிரி. வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

அவர் காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார்.

நாலு நாளில் தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண்ணின் தகப்பனாருக்குப் புத்தி சரியில்லை என்று அக்கம்பக்கத்திலேயே சொல்கிறார்களாம். நாளைக்குப் பிறக்கிற குழந்தைக்கும் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கிறார்களாம். மறுநாள் விடிகாலையிலும் அவர் வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அவர் மனைவி இரண்டு நாள் வெளியே வரவில்லை. சரோஜா மட்டும் மூன்றாம் நாள் சாயங்காலம் நான் கடையிலிருந்து வருகிற நேரம் பார்த்துத் தெருமுனையில் நின்றாள்.

“மாமா, அவங்க சித்தப்பா உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டுப் போனாரு. நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் கேக்கலை” என்றாள். “ஒரு தடவை ஸ்ரீரங்கம் போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. அப்பாவுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குன்னு. எல்லாரும் ஒத்துக்கிட்டதை அவர் மட்டும் விடாம செய்யறாருன்னு. அப்பா உங்களைக் கேக்க மாட்டாரு. யாரையும் எதுவும் கேக்க மாட்டாரு. அதான் நான் கேக்கறேன்.”

“நாளைக்கே போறேம்மா. இது என்ன பெரிய விஷயம்” என்றேன்.

போனேன். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். காவேரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அடையவளஞ்சான் தெருவில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் செம்மண் கோலம், உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து யாரோடோ பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. எதிர்சாரியில் ஒரு வெற்றிலை பாக்குக் கடையில் நின்று ஒரு சோடா குடித்தேன். உள்ளே போனால், ‘அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே’ என்று கேட்பார்கள். ‘அப்ப நீங்களும் தூக்கணுமா?’ என்று கேட்பார்கள். சோடாவைக் குடித்து முடித்தேன். திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டேன்.

“வீடு பூட்டியிருந்துச்சும்மா. இன்னொரு நாள் போறேன்” என்று சரோஜாவிடம் சொன்னேன். அவள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, “சரிங்க மாமா” என்றாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பொழுது விடிகிற நேரம், முற்றத்தில் ஒரு சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டு எழுந்தேன். மனிதக் குரல்தான், ஆனால் யார் குரல் என்று தெரியவில்லை. அந்தக் குரலை அந்த ஸ்டோரில் யாரும் கேட்டதே இல்லை.

நடந்தது பிறகு தெரிந்தது. அன்று அவர் எழுந்து வாசலைப் பார்த்திருக்கிறார். பலகை தொங்கியது, கழுவுகிற வாளியைக் காணவில்லை. கொல்லைக்குப் போனால் சரோஜா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கக்கூஸ் வாளியைக் குழிக்குத் தூக்கிப்போய்க்கொண்டிருந்தாள். “விடும்மா, நான் செய்யறேன்” என்றிருக்கிறார். “இருக்கட்டும்ப்பா. இனிமே எனக்கு வேற என்ன இருக்கு? நானே செய்யறேன்” என்றாளாம். அவள் அழுதிருந்தால் அவர் கிணற்றடிக்கோ குழாயடிக்கோ போயிருப்பார். அவள் அழவில்லை.

அவர் ஒவ்வொரு வாசலாகக் கதவை அறைந்துகொண்டு வந்தார். “எந்திரிச்சு வாடா வெளியே” என்றார். வக்கீல் குமாஸ்தாவைத் திட்டினார், மேஸ்திரியைத் திட்டினார். என் கதவைத் திறந்தேன். அவர் கண் இரண்டும் சிவந்திருந்தது. “உன் முறையை எத்தனை நாள்டா என் தலையில வைப்பே? எட்றா வாளியை” என்றார்.

எடுத்தேன். உடனே எடுத்தேன். யோசிக்கக்கூட இல்லை. எட்டு வீட்டு ஆண்களும் நிமிஷத்தில் கொல்லையில் இருந்தோம். ஒருவர் வாளியைத் தூக்கினார், ஒருவர் மண் தள்ளினார், ஒருவர் சாம்பல் கொண்டுவந்தார், பெண்கள் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். யாரும் மூக்கைக் கட்டவில்லை. யாருக்கும் குமட்டவில்லை. இருபது நிமிஷத்தில் அந்த இடம் கட்டின நாளிலிருந்து இல்லாத சுத்தமாகிவிட்டது. சொன்னால் வெட்கக்கேடு, எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் குமாஸ்தா கையைத் துடைத்துக்கொண்டே, கேலியாக இல்லை, நிஜமான மரியாதையோடு அவரிடம் சொன்னார்: “இந்தச் சத்தத்தை அன்னைக்கே போட்டிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்குமே சார்.”

அவர் தலையை நிமிர்த்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். குரல் பழையபடி ஆகியிருந்தது.

“இதுக்குத்தாங்க பயந்தேன்” என்றார். “நான் சத்தம் போட்டுடுவேனோன்னு இல்லைங்க. போட்டா நீங்க வந்துடுவீங்களோன்னு.”

அதற்கப்புறம் அவர் எங்கள் ஸ்டோரில் மூன்று மாசம்தான் இருந்தார். அந்த மூன்று மாசமும் முறை பிசகாமல் நடந்தது. விடிகாலையில் அவர் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் போதும், அன்றைய முறைக்காரர் வாளியோடு ஓடுவார். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, தூரத்தில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். வண்டியில் சாமான் ஏற்றும்போது நாங்கள் எல்லோரும் உதவினோம். சரோஜா என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனாள், என்னிடம் சொல்லவில்லை. அவர் போன வாரமே குழியைத் தூர்த்துவிட்டு மாரியாயியைச் சந்துப் பக்கம் திரும்ப வரச் சொல்லிவிட்டோம். வக்கீல் குமாஸ்தா தினமும் காலையில் அவளைச் சத்தம் போடுவார்.

அந்த ஸ்ரீரங்கத்துப் பையனுக்கு அதற்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல் கல்யாணம் ஆகவில்லை. மருந்துக் கடைக்கு வருகிற ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் சொல்லித் தெரியும். ஒன்றாம் நம்பர் பஸ் என் கடை வழியாகத்தான் போகும். ஏறினால் அரை மணி நேரம். நான் போகவில்லை. போகச் சொல்லி யாரும் என்னைச் சத்தம் போடவில்லை.